ஊதா மருந்து

பாத்ரூமுக்கும் ரயில்வே காம்பவுண்டுக்கும் நடுவில்
எனக்கு ஆறடிக்கு நாலடி.
அதில் ஐந்து பெட்டைகள்.
கொருக்குப்பேட்டையில் இதற்குத்
தோட்டம் என்று பெயர்.

ஐந்தாவது, ரோஸ்.
கேட் மூடியிருந்த ஒரு சாயங்காலம்
கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள்
அட்டைப்பெட்டிக்காரனிடம் வாங்கியது.
பத்து ரூபாய். சாயத்தில் முக்கி எடுத்த குஞ்சு.
"பொழைக்காதுக்கா" என்று விற்றவனே சொன்னான்.
பிழைத்தது.
இறகு முளைத்துச் சாயம் போனது.
பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

முதலில் கொத்தியது ஏட்டம்மா.
மாமூலுக்கு வந்தவள்போல
மார்பை நிமிர்த்தித்தான் நடப்பாள்.
தட்டுக்கு முன்னால் ஒரு கொத்து
தண்ணிக்கு முன்னால் ஒரு கொத்து
சும்மா நின்றதற்கு ஒரு கொத்து.
மற்ற மூன்றும் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தன.
மூன்றாம் நாள்
வாலடியில் சிவப்பாக ஒரு புள்ளி.
அதைப் பார்த்ததும்
அவற்றுக்கும் தைரியம் வந்துவிட்டது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்.
அடி வாங்கியதைத் தூக்கி
வாஷிங் மெஷின் வந்த பெட்டியில் வைத்தேன்.
மஞ்சள், வேப்பெண்ணெய்,
நொய்க் கஞ்சி.
நாலு நாள் கழித்து உள்ளே விட்டால்
யாரோ எவளோ என்று
வாசலிலேயே பிடித்துக்கொண்டன.

எங்கள் தெருவில்
கோழியைப் பற்றி அதிகம் தெரிந்தவர்
கோழி வெட்டும் சலாவுதீன்.
கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டார்:
"எத்த எடுத்து தனியா வெச்ச?"
"அடிபட்டத."
"அதான் தப்பு. அடிக்கிறத எடு.
ஒரு வாரம் கழிச்சி வரச்சொல்ல
அதுக்கு எடம் இருக்காது.
புண்ணு மேல ஊதா மருந்து பூசு.
சேப்பு கண்ணுல பட்டா கோழிக்கு வெறி."
கொஞ்சம் யோசித்து,
"ஒத்துவரலன்னா எடுத்தா, எடை போட்டுக்கலாம்."
எதை என்று நான் கேட்கவில்லை.

ஏட்டம்மா பெட்டிக்குப் போனாள்.
ஒரு தட்டை மூன்றாக்கி மூலைக்கொன்றாய் வைத்தேன்.
ஒளிந்துகொள்ள ஒரு பிளைவுட் துண்டு.
வேலையற்ற அலகுகளுக்கு
கொடிக்கயிற்றில் ஒரு முட்டைகோஸ்.
ரோஸுக்குப் பின்பக்கமெல்லாம் ஊதா.
சந்தையில் ஒரு தடவை, என் கையில் ஒரு தடவை,
அதன் நிறத்தை
எப்போதும் யாரோ முடிவு செய்கிறார்கள்.

என் விரலில் பட்டது
மூன்று நாளாகியும் போகவில்லை.

அந்தக் கையோடுதான் வியாழக்கிழமை
தண்ணி லாரிக்கு நின்றேன்.
எட்டாம் நம்பருக்குக் குடிவந்த சஸ்மிதா,
ஒடிசாக்காரி,
புருஷனுக்கு மணலியில் வெல்டிங் வேலை.
விடியற்காலை வந்து வைத்தாலும்
அவளுடைய பச்சைக் குடம்
லாரி வரும்போது கடைசியில் இருக்கும்.
நாலு மாதமாக.
பிலோமி காலால் தள்ளுவாள்.
அடுத்தவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டே தள்ளுவாள்.
பிறகு அது என்னிடம் வரும்.
கேட்டால்
கால் இடித்துவிட்டது என்பேன்.

அன்றும் வந்தது.
தரையில் உரசும் அந்தச் சத்தம்
எனக்கு நன்றாகத் தெரியும்.
குனிந்து விளிம்பைப் பிடித்தேன்.
பிலோமி பார்த்தாள்.
"இன்னாடி கையி?
அஞ்சி வெரல்லயும் ஓட்டுப் போட்டியா?"
வரிசையே சிரித்தது.
நானும் சிரித்தேன்,
அதுதான் பழக்கம்.
கையை மட்டும் எடுக்கவில்லை.
சஸ்மிதா குடத்தைப் பார்க்கவில்லை,
என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலோமியைப் போட
அவ்வளவு பெரிய பெட்டி ஏது.
போட்டாலும்
நாலாவது குடத்துக்காரியான நான்
மூன்றாவதாக வந்துவிடுவேன்.
அப்போது என் கால் என்ன செய்யும் என்று
எனக்கே தெரியாது.

எட்டாம் நாள் ஏட்டம்மாவைத் திறந்துவிட்டேன்.
சுவரோரமாக நின்றாள்.
மணலிக் காற்றில் கேஸ் வாடை.
தட்டை நோக்கி ஓரடி எடுத்துவைத்தாள்.

ரோஸ் மெல்லக் கழுத்தை நீட்டியது.

பாட்டிலில்
இன்னும் பாதி மருந்து இருக்கிறது.